தோட்டப் பள்ளிக்குக் கருவிகள் வந்த கதை

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், கூலிம் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் கரங்கான். சுற்றுவட்டாரத்தில் டப்ளின் முதலான தோட்டங்கள். அன்று இரப்பர் மரங்கள் நின்ற நிலத்தின் பெரும்பகுதியில் இன்று செம்பனை நிற்கிறது. இதே கூலிம் மாவட்டத்தில்தான் 1996-ஆம் ஆண்டு நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறப்பு விழாக் கண்டது. கணினிக்குரிய நுண்கருவிகளை ஆக்கி உலகெங்கும் அனுப்பும் தொழிற்சாலைகள் அங்கே எழுந்தன. தோட்டத்துப் பெண்கள் விடியுமுன் பேருந்தேறி அத்தொழிற்சாலைகளுக்குச் சென்ற ஆண்டுகளில், அவர்தம் பிள்ளைகள் பயின்ற தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றில் மாணவர் தொட்டுப் பார்ப்பதற்கும் ஒரு கணினி இல்லை.

இம்முரண்பாட்டைச் சொல்லிப் பெருமூச்செறிவது என் நோக்கமன்று. கல்லூரியில் கருவியைக் கையாளக் கற்ற பயிற்சி ஆசிரியர், தோட்டப் பள்ளியின் வாயிலில் வந்து நின்றபோது யாது நேர்ந்தது என்பதையே ஈண்டு நோக்க விழைகிறேன். எத்தனை வானொலிப் பெட்டிகள், எத்தனை கணினிகள் என்னும் கணக்கு அலுவலகக் கோப்புகளில் கிடைக்கும். அவற்றைக் கையிலெடுத்தவர் பட்ட பாடு கோப்பில் ஏறுவதில்லை.

மலாயாவில் தமிழ்க் கல்வி 1816-இல் பினாங்கில் தோன்றியது என்பதை யாவரும் அறிவர். கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என விதித்தது. கெடா அக்கூட்டில் சேராத மாநிலம். எனினும் இங்கும் தோட்டங்கள்தோறும் பள்ளிகள் எழுந்தன. எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ கிராணிக்கு உதவியாளரோ ஆசிரியராக அமர்ந்தார். பலப்பமும் சிலேட்டும் கரும்பலகையுமே கருவிகள். பயிற்சி என்பதே அரிதாக இருந்த அந்நாளில், கருவிப் பயிற்சியைப் பற்றிப் பேச இடமேது?

முதன்முதலில் வெளியுலகிலிருந்து வகுப்பறைக்குள் நுழைந்த கருவி வானொலிதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் தோன்றி வளர்ந்த பள்ளி ஒலிபரப்பில் மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழும் இடம்பெற்றது. தோட்டப் பள்ளிக்கு ஏற்ற கருவி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இன்றும் நான் வானொலியையே சுட்டுவேன். மின்கலம் போட்டால் பாடும். கம்பி வேண்டா, மின்சாரம் வேண்டா. எல்லாவற்றினும் மேலாக, அது தமிழில் பேசிற்று. ஆயினும் அதற்கும் ஒரு பயிற்சி தேவைப்பட்டது. ஒலிபரப்பு, குறித்த நேரத்தில் வந்து குறித்த நேரத்தில் போய்விடும். ‘சற்றே நிறுத்துக’ என்று அதனிடம் சொல்ல இயலாது. ஆகவே ஒலிபரப்புக்கு முன் மாணவரை ஆயத்தப்படுத்துதலும், முடிந்தபின் கேட்டதை அவர் வாயால் சொல்லவைத்தலும் ஆசிரியரின் கடமையாயின. இதனை உணராதவர் பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டு வருகைப் பதிவேட்டைக் கூட்டிக்கொண்டிருந்ததையும் நான் மாணவனாக இருந்து கண்டிருக்கிறேன்.

1972-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. நாடு முழுவதும் பள்ளிகளுக்குப் பெட்டிகள் சென்றன. படம் தெளிவாக வரும் நாளும் உண்டு. மழைத்தூறல்போல் புள்ளிகள் மட்டுமே வரும் நாளும் உண்டு. ஏறத்தாழ அதே காலத்தில் இந்தியாவில் நிகழ்ந்த ஒரு முயற்சியை ஒப்புநோக்குதல் தகும். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கத் துணைக்கோள் ஒன்றன் வழியாக ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பெற்றன. தமிழ்நாடு அவ்வாறனுள் இல்லை. ஆயினும் அதில் நம் கருத்தை ஈர்ப்பது, ஊர்ப்புற ஆசிரியர்களுக்கே அத்தொலைக்காட்சி வாயிலாக அறிவியல் பயிற்சி அளித்தனர் என்பதாம். மாணவருக்காக வந்த கருவியை முதலில் ஆசிரியருக்குப் பள்ளியாக்கினர். நம் தோட்டப் பள்ளிகளில் பெட்டி முன்னே வந்தது. பயிற்சி பின்னே வந்தது. சில இடங்களில் பெட்டி பழுதான பிறகே வந்தது.

நான் பயிற்சி பெற்றது 1980-களின் இறுதியில். 1983-இல் நாடு முழுவதும் நடப்புக்கு வந்த கே.பி.எஸ்.ஆர். கலைத்திட்டம் பயிற்றுத் துணைப்பொருள்களை வெகுவாக வற்புறுத்திய காலம் அது. கல்லூரியில் கல்வித் தொழில்நுட்பம் தனிப் பாடம். மெழுகுத்தாளில் எழுத்தாணியால் எழுதி, சைக்ளோஸ்டைல் பொறியில் மை பூசி உருட்டக் கற்றோம். ஓலையில் எழுதிய பாட்டனார் எங்களைக் கண்டிருந்தால், நூறாண்டுகளில் எழுத்தாணி மட்டும் மாறவில்லையே என்று நகைத்திருப்பார். எல்லாவற்றிலும் உயர்ந்ததாக எங்களுக்குக் காட்டப்பெற்றது ஓ.எச்.பி. என்னும் ஒளிவீழ்த்தி. ஒளிபுகு தாளில் எழுத்து எத்தனை பருமனாக இருக்க வேண்டும், ஒரு தாளின்மேல் இன்னொன்றை எவ்வாறு படியவைக்க வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் மதிப்பெண் உண்டு.

பயிற்றுப்பணிக்கு என்னைக் கரங்கானுக்கு அப்பாலிருந்த ஒரு தோட்டப் பள்ளிக்கு அனுப்பினர். பூவின் உறுப்புகளை விளக்க ஐந்து ஒளிபுகு தாள்களை மூன்று இரவுகள் விழித்திருந்து வரைந்தேன்; ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் புல்லி, அல்லி, மகரந்தம், சூலகம் எனப் பூ முழுமையாக மலரும். விரிவுரையாளர் பார்வையிட வரும் நாளின் காலையில், அலமாரியில் பூட்டியிருந்த ஒளிவீழ்த்தியைக் கேட்டேன். தலைமையாசிரியர் சாவியை நீட்டியவாறே, “தம்பி, எடுத்துக்குங்க. ஆனா தோட்டத்து ஜெனரேட்டர் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் ஓடும். உங்க விரிவுரையாளரை ராத்திரி வரச் சொல்றீங்களா?” என்றார். அவர் ஏளனமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார்.

வேறு வழியின்றிப் பிள்ளைகளைச் சன்னலருகே அழைத்துச் சென்றேன். ஐவர் கையில் ஐந்து தாள்களைக் கொடுத்து, வெயிலுக்கு நேரே பிடிக்கச் செய்தேன். ஒருவன் தாளின்மேல் மற்றவன் தாளை அவர்களே பொருத்தினர். சூலகம் புல்லிக்கு வெளியே போய்விட்டது என்று ஒரு சிறுமி கூவினாள். இன்னொருத்தி வெளியே ஓடிச் செம்பருத்தி ஒன்றைப் பறித்து வந்து ஒப்பிட்டாள். பின்னிருந்து பார்த்த விரிவுரையாளர், ‘தொழில்நுட்பக் கருவி பயன்படுத்தப்படவில்லை’ என ஒரு பத்தியில் குறித்து மதிப்பெண்ணைக் குறைத்தார்; அடுத்த பத்தியில் மாணவர் ஈடுபாட்டுக்கு முழு மதிப்பெண் அளித்தார். இரண்டுக்கும் உள்ள தொடர்பு அப்படிவத்தில் எழுத இடமில்லாத ஒன்று.

மின்சாரம் பின்னர் வந்துவிட்டது. ஆனால் மற்றொரு தடை நெடுங்காலம் நின்றது. அது தமிழெழுத்து. தமிழைப் பொறியில் ஏற்றும் முயற்சிக்கும் இம்மண்ணுக்கும் பழந்தொடர்பு உண்டு. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசைப்பலகையை வகுத்த யாழ்ப்பாணத்து முத்தையா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்கு வந்து பணியாற்றியவர். கணினிக் காலத்திலும் அவ்வாறே. மலேசியரான முத்து நெடுமாறன் 1980-களிலிருந்து ‘முரசு’ மென்பொருளை வளர்த்தார். சிங்கப்பூரில் ‘கணியன்’ முறையை உருவாக்கிய நா. கோவிந்தசாமி சிறுகதையாசிரியர், அதனோடு ஆசிரியர்களைப் பயிற்றுவித்த விரிவுரையாளர். 1997-இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பின்னணியில் இருந்தவர், 1999-இல் மறைந்தார். ஆசிரியரைப் பயிற்றுவிப்பவரே கருவியையும் ஆக்கினார் என்பது நம் மொழியின் நற்பேறு என்றே கருதுகிறேன். அந்த 1999-இல் சென்னை மாநாட்டையொட்டித் ‘தமிழ் 99’ விசைப்பலகை வகுக்கப்பெற்றது. 2001-இல் கோலாலம்பூரும் மாநாட்டை ஏற்று நடத்திற்று.

மாநாட்டு மண்டபத்தில் தீர்ந்த சிக்கல் வகுப்பறையில் உடனே தீர்ந்துவிடாது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஓர் எழுத்துரு. ஒன்றில் எழுதியதை மற்றொன்று படிக்காது. 2000-களின் நடுப்பகுதியில் எம் பள்ளிக்குப் பயிற்றுப்பணிக்கு வந்த ஒரு பயிற்சி ஆசிரியை, தம் அறையில் அழகுற ஆக்கிய இலக்கணப் பாடத்தைப் பள்ளிக் கணினியில் திறந்தார். வேற்றுமை உருபுகள் நிற்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாகக் கிடந்தன. எழுத்துரு அக்கணினியில் இல்லை. பின்வரிசையில் மேற்பார்வையாளர் அமர்ந்திருந்தார். அப்பெண் ஒரு கணம் திகைத்தார். பிறகு கணினியை மூடிவிட்டு, மா ஜோங் தாள் ஒன்றைப் பலகையில் ஒட்டி எழுதத் தொடங்கினார். பைக்குள் அத்தாளை மடித்து வைத்திருந்தார்! ஒருங்குறி பரவிய பிறகு இத்தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. இன்றைய பயிற்சியாளருக்கு இதனைச் சொன்னால் நம்புவதில்லை.

2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தது. ஆசிரியர்களுக்கு மடிக்கணினி, வகுப்புக்கு எல்.சி.டி. ஒளிவீழ்த்தி, பாடங்கள் அடங்கிய குறுந்தட்டு. நம் பள்ளிகளுக்குள் இத்தனை கருவிகள் ஒருசேர நுழைந்தது அதுவே முதன்முறை எனலாம். ஆனால் அவை நுழைந்த கதவின் வழியே அறிவியல் தமிழ் வெளியேறிற்று. இருபத்தைந்து ஆண்டுகள் ஒளிச்சேர்க்கையையும் நீராவியாதலையும் தமிழில் விளக்கிய மூத்த ஆசிரியர்கள், குறுந்தட்டு பேசும்போது ஓரமாக நின்றனர். 2009 ஜூலைத் திங்களில் இத்திட்டத்தை விலக்கிக்கொள்ள முடிவாயிற்று. பின்னர்ப் படிப்படியாகத் தமிழ் திரும்பிற்று. அப்போது ஒரு விந்தை நேர்ந்தது. அவ்வாண்டுகளில் பயிற்சி பெற்று வந்த இளையோருக்குக் கருவி தெரியும், கலைச்சொல் தெரியாது. மூத்தோருக்குக் கலைச்சொல் தெரியும், கருவி தெரியாது. எம் ஆசிரியர் அறையில் இடைவேளைதோறும் ஒரு பண்டமாற்று நடந்தது. “ஐயா, இதற்குத் தமிழில் என்ன?” என்று இவர் கேட்க, “இந்தப் படம் ஏனம்மா ஓடமாட்டேன் என்கிறது?” என்று அவர் கேட்பார். எந்தப் பயிற்சிப் பட்டறையும் எமக்கு அத்துணைப் பயன் தந்ததில்லை.

2011-க்குப் பின் வந்த இணையவழிக் கற்றல் தளங்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அலைவரிசை எட்டாத பள்ளியில் அவை கடவுச்சொற்களாக மட்டுமே வாழ்ந்தன. ஆயினும் கருவியை வேண்டாத அணிகலன் என்று தள்ளவும் இயலாது. 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள், தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மக்கள் இடம்பெயர்ந்தும் 500-ஐச் சற்றே தாண்டிய எண்ணிக்கைக்குக் குறைந்துவிட்டன. முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையைச் சேர்க்க வரும் தாய், “சார், கம்ப்யூட்டர் வகுப்பு இருக்கா?” என்றே முதலில் கேட்கிறார். இல்லையென்றால் மறுநாள் அப்பிள்ளை வேறு பள்ளிக்குப் போய்விடும். மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிக்கு ஒரு பிள்ளையின் கணக்கும் பெரிது.

2020 மார்ச்சு 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிற்று. பள்ளிகள் மூடின. மறு ஆண்டு பிப்ரவரியில் அரசாங்கம் கல்விக்கெனத் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்றைத் திறந்தபோது, 1972 மீண்டும் வந்ததோ என எண்ணினேன். அவ்வாண்டில் எம் பள்ளியோடு இணைக்கப்பெற்ற ஒரு பயிற்சி ஆசிரியை, மாணவர் முகத்தைத் திரையில் மட்டுமே கண்டவர். அதுவும் சிலர் முகத்தை மட்டும். பல வீடுகளில் கைப்பேசி ஒன்றே. அதுவும் தகப்பனாரோடு வேலைக்குப் போய்விடும். ஒளிக்காட்சி வகுப்புக்குக் கட்டணத் தரவு போதவில்லை. அவர் என்னிடம் வழி கேட்டபோது, எனக்குத் தெரிந்த பழைய வானொலிப் பாடத்தைச் சொன்னேன்: கேட்கும் முன் என்ன செய்வது, கேட்டபின் என்ன செய்வது என்று. அவர் இரவு எட்டரை மணிக்கு, நான்கைந்து நிமிடக் குரற்பதிவாக ஒரு கதையை அனுப்பத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, மீதியைப் பிள்ளைகளே ஊகித்துச் சொல்ல வேண்டும். முடிவு மறுநாள் வரும். வாட்ஸ்அப்பில் பிள்ளைகளின் குரல்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

மூன்றாம் வாரம் அவர் எனக்கு ஒரு பதிவைக் கேட்கத் தந்தார். மாணவன் குரல் அன்று. தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அவன் தகப்பனார் குரல். “டீச்சர், பையன் தூங்கிட்டான். நான்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். அந்த நரி தப்பிச்சதா இல்லையா, அதை மட்டும் இப்பவே சொல்லிடுங்க.”