அச்சும் பள்ளியும்: பொன்னாந்து ஆண்டகையின் தமிழ்ப்பணி

ஆயர் ஒருவரின் பெருமையை அவர் எழுப்பிய கோயில்களைக் கொண்டு அளப்பது சமய வரலாற்றின் வழக்கம். மொழி வரலாற்றை ஆராயும் நாமோ, அவர் காலத்தில் எந்நூல்கள் வெளிவந்தன, அவற்றைப் படிப்போர் எவ்வாறு உருவாயினர் என்று வினவுதல் வேண்டும். அவ்வகையில் கிளெமெண்ட் பொன்னாந்து ஆண்டகையின் வாழ்க்கை ஆராயத்தக்கது.

பிரான்சு நாட்டில் 1796ஆம் ஆண்டு பிறந்த அவர், பாரிசு வெளிநாட்டு மறைப்பணிச் சபையின் குருவாகப் புதுச்சேரிக்கு வந்தார். முதலில் தெலுங்கு மக்களிடையே பணியாற்றினார். 1836இல் புதுச்சேரி மறைப்பரப்பின் தலைமையை ஏற்றார். நம் ஜொகூரை உள்ளடக்கியிருந்த மலாக்கா மறைப்பரப்பை 1841 முதல் நடத்தியவர்களும் இச்சபையினரே.

புதுச்சேரியில் 1840இல் மறைப்பணி அச்சுக்கூடம் நிறுவப்பெற்றது. முசே, துப்புயி என்னும் குருமார் இருவர் தொகுத்த இலத்தீன்–பிரெஞ்சு–தமிழ் அகராதி 1846இலும், தமிழ்–பிரெஞ்சு அகராதியின் இரு தொகுதிகள் 1855, 1862ஆம் ஆண்டுகளிலும் அங்கு வெளிவந்தன. வீரமாமுனிவர் மறைந்தது 1747இல். அதன்பின் நூறாண்டுக்கு மேலாக ஏட்டுச்சுவடியிலேயே வழங்கிய தேம்பாவணியும் 1851 தொடங்கி அங்கு அச்சேறியது. அகராதியைத் தொகுத்தவர் ஆயர் அல்லர். ஆயினும் தம் குருமார் இத்தகைய நெடும்பணியில் ஈடுபட இடமளித்த தலைமை அவருடையது.

அச்சிட்ட நூலுக்குப் படிப்போர் வேண்டும் அன்றோ? ஆயர் 1844இல் தம் குருமாரைக் கூட்டிப் புதுச்சேரியில் மாமன்றம் நடத்தினார். பள்ளிகளைப் பெருக்குவதும், உள்நாட்டவரைக் குருத்துவத்திற்குப் பயிற்றுவதும் அதன் முதன்மைப் பொருள்கள். அவ்வாண்டிலேயே பெத்தி செமினார் பள்ளி தோன்றியது. பெண்கல்விக்கெனத் துப்புயி அடிகளார் உள்நாட்டு அருட்சகோதரியர் சபையொன்றைத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே.

குடும்பப் பெண்களுக்கு எழுத்தறிவு தகாது என்ற எண்ணம் வேரூன்றியிருந்த காலம் அது. பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்புவது பெற்றோர்க்கு ஊர்ப்பழியை ஏற்கும் துணிவாகவே இருந்தது. அச்சுப்பொறியை நிறுவுவதினும் அத்தயக்கத்தைக் களைவது கடினம். கற்பிப்போராக உள்ளூர்ப் பெண்களே முன்வந்தமை அதற்குத் துணைசெய்தது.

இந்திய மறைத்தளங்களைப் பார்வையிடும் பொறுப்பேற்றுப் பயணம் செய்த ஆண்டகை, 1861இல் காசி நகரில் உயிர்நீத்தார். அப்பொழுது தமிழ்–பிரெஞ்சு அகராதியின் இரண்டாம் தொகுதி வெளிவந்திருக்கவில்லை. பணியோ அவரோடு நின்றுவிடவில்லை. பயிற்சி பெற்றோர் இருந்தமையால் அது தொடர்ந்தது. தமிழ்ப்பள்ளிகளில் நூலகம் அமைக்கும் நாம், அந்நூல்களை மாணவர் கையில் எடுத்துக்கொடுக்கும் ஆசிரியரையும் உருவாக்கினோமா என்று எண்ணிப்பார்த்தல் கடனாகும்.