இழப்பைச் சுமப்பவர் யார்? கொங்குநாட்டு நன்னீர் மீன்வளர்ப்பில் தொழில்நுட்ப ஏற்பு

தொழில்நுட்ப ஏற்பு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் உழவரையே அளக்கின்றன. வயது, படிப்பு, நில அளவு, விரிவாக்க அலுவலரோடு தொடர்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு ஒருவரை முன்னோடி என்றும் மற்றவரைப் பின்தங்கியவர் என்றும் வகைப்படுத்தும் வழக்கம், 1962-இல் வெளிவந்த எவரெட் ரோஜர்ஸின் நூலால் வேரூன்றியது. கொங்குநாட்டு மீன்வளர்ப்பை விளக்க இந்த அளவுகோல் போதாது. ஆழ்துளைக் கிணறு, சொட்டுநீர், கறிக்கோழி என ஒவ்வொன்றையும் விரைந்து கைக்கொண்ட அதே தோட்டத்துக் குடும்பங்கள் மீன் என்றதும் தயங்குகின்றன. இழப்பு நேர்ந்தால் யார் தலையில் விழும் என்பதே இங்கே ஏற்பைத் தீர்மானிக்கிறது என்பது என் வாதம்.

அமெரிக்காவில் வீரிய மக்காச்சோளம் வட்டாரத்துக்கு வட்டாரம் வெவ்வேறு வேகத்தில் பரவியதை இலாப வேறுபாட்டைக் கொண்டு ஸ்வி கிரிலிக்கஸ் 1957-இலேயே விளக்கினார். இலாபத்தோடு இடரையும் சேர்த்துப் பார்த்தால் கொங்குநாட்டுக் கறிக்கோழியின் கதை தெளிவாகும். உடுமலைப்பேட்டையில் தொடங்கிய சுகுணா போன்ற நிறுவனங்கள் 1990-களில் பரப்பிய ஒப்பந்த முறையில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையவை. கொட்டகையும் உழைப்பும் மின்கட்டணமும் உழவருடையவை. கறிவிலை சரிந்தாலும் கிலோவுக்கு இவ்வளவு என்ற வளர்ப்புக் கூலி கிடைக்கும். அந்தக் கூலி போதவில்லை என்ற குறை நியாயமானதே. ஆனாலும் ஒரே பருவத்தில் முதல் முழுவதும் அழியும் அச்சம் அதில் இல்லை. மீன்குட்டை வைப்பவருக்கோ குஞ்சின் தரம் முதல் சந்தை விலை வரை எல்லாமே சொந்தப் பொறுப்பு.

தண்ணீர் இன்னும் அடிப்படையான சிக்கல். 1955-இல் முடிந்த கீழ்பவானித் திட்டத்தின் 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டு இரண்டாகப் பிரிந்து முறை வைத்துப் பாய்கிறது. நஞ்சைக்கு வாய்க்காலில் நீர் வருவது ஏறக்குறைய 120 நாள். கட்லாவும் ரோகுவும் ஒரு கிலோ எடை எட்டப் பத்து மாதமாவது வேண்டும். கிஃப்ட் எனப்படும் மேம்படுத்திய திலேப்பியா ஆறு மாதத்தில் சுமார் அரைக் கிலோ தேறிவிடுவதால் இவ்வட்டாரத்துக்குப் பொருத்தமானது. தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகம் தன் பவானிசாகர் மையத்தில் அந்த இனத்தில் கருத்தூன்றுவது சரியான தேர்வு என்பேன். ஆனால் திலேப்பியா வளர்க்கப் பண்ணையைப் பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும். ஆண் குஞ்சுகளை மட்டும் தேடிப் பிடிக்க வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்துப் பண்ணைக்குட்டையிலோ கோடையில் தென்னை காய்ந்தால் மோட்டார் ஓடும், மீனுக்கு நீர் குறையும். அங்கே தென்னையைக் காப்பதே சரியான கணக்கு. அதைத் தொழில்நுட்ப அறியாமை என்று எழுதுவது அநீதி.

பயோஃபிளாக் தொட்டியில் இடர் உச்சத்தை அடைகிறது. வெல்லப்பாகு போன்ற கரிமப் பொருளைச் சேர்த்து நுண்ணுயிர்களை வளர்த்து, மீன் கழிவின் அம்மோனியாவைத் தீவனமாக மாற்றும் அருமையான முறை அது. ஆனால் காற்றூட்டம் நின்றால் சில மணி நேரத்தில் தொட்டி முழுதும் செத்து மிதக்கும். ஜெனரேட்டர் வைக்க முடிந்தவருக்கே அது ஏற்றது. 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 60 விழுக்காடும் மானியம் தருகிறது. கூடுதல் மானியம் வரவேற்கத்தக்கது. எனினும் முதலில் கைக்காசைப் போட்டால்தான் மானியம் கைக்கு வரும். சொந்த நிலமோ நீண்டகாலப் பதிவுக் குத்தகையோ காட்டவும் வேண்டும். நிலப்பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருக்கும் ஊர்களில் அந்த 60 விழுக்காடு எத்தனை பெண்களை உண்மையில் சேரும்? பவானிசாகர், ஆழியாறு அணைகளில் வலைவீசுவோரிடம் மீனறிவு உண்டு, குட்டை வெட்ட நிலம் இல்லை. நிலமும் கிணறும் உள்ளவர்களிடம் அந்த அறிவு இல்லை. இந்த இரு தரப்பையும் சாதியும் சொத்தும் பிரித்து வைத்திருப்பதை எந்தப் பயிற்சி முகாமும் சரிசெய்துவிடாது.

2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 நீர்நிலைகளுக்குப் பவானி உபரிநீரைக் கொண்டுபோகிறது. நிலத்தடி நீரைப் பெருக்குவதே அதன் முதன்மை நோக்கம். நீர் தங்கும் குளங்களில் மீனும் வளரும் என்பதால் அவற்றின் மீன்பாசி உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு என்பதை இப்போதே முடிவு செய்தாக வேண்டும். சில ஆண்டு ஏலத்தில் எடுத்தவர் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு போவார். குளத்தில் முதலீடு செய்யமாட்டார். நிலமற்ற மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் குறைந்தது பத்தாண்டுக் குத்தகையும், மீன் செத்தால் ஈடு தரும் காப்பீடும் சேர்த்து வழங்கிய பிறகு, அவர்கள் புதிய முறைகளை ஏற்கிறார்களா என்று ஆய்வாளர்கள் போய்க் கேட்கட்டும்.