சொல்லும் வர்க்கமும்: 'பொய்கொட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் தோற்றம்

ஆங்கிலச் சொற்பிறப்பு ஆய்வுகள் பெரும்பாலும் சொல்லின் வேரைத் தேடுவனவேயன்றி, அவ்வேர் ஊன்றிய நிலம் எவருடையது என வினவுவனவல்ல. 'வில்லன்' என்னும் சொல்லை நோக்குவோம். இன்று நாடகத்துக் கொடியவனைச் சுட்டும் இச்சொல்லின் இலத்தீன் மூலம், 1086 இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே ஏட்டில், பிரபுவின் பண்ணைக்குக் கட்டுப்பட்ட குடியானவனையே குறித்தது. உழுதவன் கயவனாகியது ஒலிமாற்றத்தாலன்று. பெயரிடும் அதிகாரம் பிரபுக்களிடம் இருந்தமையாலாகும்.

எனினும் அவ்வதிகாரம் என்றும் ஒரு தரப்பாரிடமே தங்கியிருந்ததில்லை. 1768 இல் லண்டன் துறைமுகத்து மாலுமிகள் கூலியுயர்வு கோரிக் கப்பற் பாய்களை இறக்கினர். பாயிறக்குதலைக் குறித்த 'ஸ்ட்ரைக்' வேலைநிறுத்தத்தின் பெயராயிற்று. இதனினும் தெளிவான சான்று 'பொய்கொட்' ஆகும்.

கப்டன் சார்ள்ஸ் கனிங்ஹாம் பொய்கொட், அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஏர்ண் பிரபுவின் நிலங்களுக்கு முகவராயிருந்தவர். விளைச்சல் பொய்த்து நலிந்திருந்த குடியானவர்கள் 1880 இல் குத்தகைக் குறைப்புக் கோரியபோது, அவர் வெளியேற்ற அறிவித்தல்களை அனுப்பினார். 1879 இல் தோன்றிய நிலச் சங்கத்தின் தலைவர் பார்னெல், 1880 செப்டெம்பரில் என்னிஸ் நகரில் ஆற்றிய உரையில், வெளியேற்றப்பட்டவனின் நிலத்தைப் பெறுபவனை முற்றாக ஒதுக்கிவைக்குமாறு கூறியிருந்தார். மேயோ மக்கள் அவ்வாயுதத்தை முகவர்மீதே பிரயோகித்தனர். பண்ணையாட்கள் விலகினர், வீட்டுப் பணியாளரும் நீங்கினர், கடைக்காரர் பொருள் விற்க மறுத்தனர். நவம்பரில் கவன், மொனகன் மாவட்டங்களிலிருந்து ஏறத்தாழ 50 பேர், ஆயிரம் வரையான படையினரின் காவலுடன் அறுவடைக்கு வந்து சேர்ந்தனர். சுமார் 500 பவுண் பெறுமதியான விளைச்சலைக் காக்க 10,000 பவுண் வரை செலவாயிற்றெனக் கணிக்கப்பட்டது. அரசு எவரின் காவலன் என்பதற்கு இத்துணைச் செலவுமிக்க நிரூபணம் கிடைத்தல் அரிது! டிசெம்பர் தொடக்கத்தில் பொய்கொட் அயர்லாந்தை நீங்கினார்.

சொல்லை ஆக்கியவர் ஊர்ப் பாதிரியார் ஜோன் ஓமலி என்பது பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத்தின் கூற்று. ஒதுக்கிவைத்தலைக் குறிக்கும் கிரேக்கவழிச் சொல் குடியானவருக்கு விளங்காதெனக் கருதியே முகவரின் பெயர் வினைச்சொல்லாக்கப்பட்டதாம். இக்கூற்றின்படி, புலவரின் ஏடன்றி உழவரின் நாவே சொற்றேர்வின் அளவுகோலாயிற்று. ஆயினும் போராடிய குடியானவருள் ஒருவர் பெயரேனும் அகராதி ஏறவில்லை. முகவரின் பெயரே நிலைத்தது. சில வாரங்களில் லண்டன் பத்திரிகைகளும், பின்னர் பிரெஞ்சு, ஜேர்மன் முதலாய மொழிகளும் அதனை ஏற்றன.

இதற்கு நிகராக நாம் தமிழில் வழங்கும் 'பகிஷ்கரிப்பு' வேறொரு வரலாறுடையது. வெளியே தள்ளுதல் எனப் பொருள்படும் வடமொழிப் பகிஷ்காரம், சாதிக்கட்டை மீறியோரை விலக்கிவைக்கும் தண்டனைக்கும் பெயராயிருந்தது. அத்தண்டனைச் சொல் போராட்டச் சொல்லாகியமை தனித்து ஆராயற்பாலது.