மதுரை விமான நிலையம்

மதுரை நகரின் தெற்கே, அவனியாபுரத்தை அடுத்து, மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் உள்ளது. குறியீடு ஐஎக்ஸ்எம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை இத்தளத்தைப் பயன்படுத்தியது. இப்போதுள்ள முனையம் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 2012இல் கொழும்புக்கு முதல் பன்னாட்டுச் சேவை தொடங்கியது.

அளவில் சிறியது என்பதே இதன் சிறப்பு. பெருநகர நிலையங்களைப் போல நெடுந்தூரம் நடக்க வேண்டியதில்லை. பெட்டி வந்ததும் சில நிமிடங்களில் வெளிவாசல். துபாய், சிங்கப்பூரிலிருந்து வருபவரை அழைத்துப்போகப் பாட்டி முதல் கைக்குழந்தை வரை குடும்பமே வேன் பிடித்து வந்து நிற்கும். "மெலிஞ்சு போயிட்டியேப்பா" என்பதுதான் பெரும்பாலும் முதல் பேச்சு. இந்த வரவேற்பைக் கண்டவருக்கு ஊரைப் பற்றி வேறு அறிமுகம் தேவைப்படாது.

இறங்கும்போது சன்னலோர இருக்கை கிடைத்தால் வறண்ட சமவெளியும் கண்மாய்களும் தெரியும். வானம் தெளிந்திருந்தால் திருப்பரங்குன்றத்தின் மொட்டைப் பாறையும். நகருக்குள் செல்லும் வழியில் அவனியாபுரம். தை முதல் நாள் இங்கு ஜல்லிக்கட்டு நடப்பதால் பொங்கலன்று வருவோர் கூடுதல் நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது. மதுரையிலிருந்து தம் ஊர் திரும்புவோர் கையில் ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைப் பொட்டலம் இருக்கும். மொட்டாக வாங்கியது, போய்ச் சேர்வதற்குள் விரியத் தொடங்கிவிடும்.