உழக்கெண்ணெய் ஈசுவரர்

எங்கள் ஊருக்கு நெருப்பெரிச்சல் என்று பெயர். திருப்பூருக்கு வடக்கே இருக்கிறது. பெயரில்தான் நெருப்பு; ஊரில் எரிவதெல்லாம் பனியன் கம்பெனிகளின் மின்விளக்குகள். கடலுக்கும் எங்களுக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. ஆகையால், எழுபது வயது கடந்த என் மாமியார், “கப்பலுக்கு வெளக்குக் காட்டற கோபுரத்தை ஒருக்காப் பார்க்கோணுமுங்க, மாப்பிள்ளை” என்றபோது, மறுக்க மனம் வரவில்லை.

மாமல்லபுரம் போனோம். அங்கே இரண்டு உண்டு. 1904 முதல் இயங்கி வரும் கற்கோபுரம் ஒன்று. சீட்டு வாங்கினால் ஏறிப் பார்க்கலாம். மற்றொன்றில் இன்று விளக்கு இல்லை. மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பாறை உச்சியில் நிற்கும் ஒலக்கணேசுவரர் கோயில்தான் அது.

8ஆம் நூற்றாண்டில் பல்லவர் கல் அடுக்கிக் கட்டியது. விமானம் போய்விட்டது. கைலையைத் தூக்கும் இராவணனும், ஆடும் சிவனும் உப்புக் காற்றில் தேய்ந்து நிற்கிறார்கள். கப்பல்காரருக்கு வேண்டியது உயரம். அதைப் பல்லவன் ஏற்கெனவே தேடி வைத்திருந்தான். ஆங்கிலேயர் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டில், அந்த மொட்டைத் தலைமேல் விளக்கை வைத்தார்கள். பக்கத்தில் புதுக் கோபுரம் எழுந்ததும் விளக்கு அங்கே குடிபோயிற்று.

கோயில் தலையில் விளக்கேற்றியது அபசாரம் என்று கொதிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டிப் பாருங்கள். நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தில், ஏணி சார்த்தி ஏற வேண்டிய உயர்ந்த மாடத்தில், இரவில் நெருப்பு எரிகிறது. கடலில் போகும் கலங்களை அழைக்கிறது. அந்தத் துறை மாமல்லபுரமே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. ‘கலங்கரை விளக்கம்’ என்பதில் உள்ள கரை, கடற்கரை அல்ல. காகம் கரைகிறதே, அந்தக் கரைதல்! கலத்தைக் கூவி அழைக்கும் விளக்கு. நானும் வெகுகாலம் கடற்கரை என்றே எண்ணியிருந்தவன்தான்.

கோயிலின் பெயருக்கு ஒரு கதை சொல்வதுண்டு. சுவாமியின் விளக்குக்கு ஊரார் உழக்கு எண்ணெய் அளந்தார்களாம். உழக்கெண்ணெய் ஈசுவரர்தான் ஒலக்கணேசுவரர் ஆனாராம். இதைப் பாறைப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டே மாமியாரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் பையைத் திறந்தார். எந்த ஊருக்குப் போனாலும் எடுத்துப் போகும் நல்லெண்ணெய்ப் புட்டி!

சந்நிதியில் மூர்த்தி இல்லை, அகலும் இல்லை. தொல்லியல் துறையின் காவலில் உள்ள இடம். எண்ணெய் ஊற்றக் கூடாது என்றேன்.

“சாமிக்கு வெளக்கு இல்லீங்களா?” என்றார்.

அந்தி மயங்கும்வரை கீழே உட்கார்ந்திருந்தோம். புதுக் கோபுரத்தில் ஒளி பளிச்சிட்டது. மாமியார் கைகூப்பினார், எந்தத் திசையை நோக்கி என்று நான் கவனிக்கவில்லை.

“அதுக்கு ஆருங்க எண்ணெய் ஊத்தறது?”

“கரண்டுங்க, அத்தை.”

புட்டி நெருப்பெரிச்சலுக்கே திரும்பி வந்தது.