டேப்பட்டுக்கு ஒரு சக்கரம்

நம்மூர் பம்ப்செட் மெக்கானிக்குகள் என்ஜினைத் திறக்குமுன் காது கொடுத்துக் கேட்பார்கள். "டேப்பட் அடிக்குது தம்பி, கேப் கூடிப்போச்சு" என்று ஒரு காக்கா சொன்னபோது நான் பி.எஸ்ஸி. இரண்டாமாண்டு. உராய்வைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவனுக்கு, அது குடியிருக்கும் இடம் அன்றுதான் தெரிந்தது.

நம் கல்லூரி தொடங்கிய அதே 1955இல்தான் சென்னையில் என்ஃபீல்டு இந்தியாவும் பிறந்தது. அந்தக் கால புல்லட்டானாலும் வயல் டீசல் என்ஜினானாலும் சங்கதி ஒன்றுதான். கேம் சுழலும், அதன் மேட்டில் டேப்பட் ஏறி இறங்கும், புஷ்ராட் வால்வைத் திறக்கும். டேப்பட்டின் அடி தட்டை. கேமின்மேல் உரசிக்கொண்டே போகும். நிதானமாக ஓடும் என்ஜினுக்கு அது போதும்.

பந்தயக்காரர்களுக்குப் போதவில்லை. டிராக் ரேஸ் என்பது நின்ற இடத்திலிருந்து கால் மைல், ஏறத்தாழ 402 மீட்டர், நேர்கோட்டில் பாய்வது. அதற்கு விமான ஓடுதளம்தான் தோது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை, உலகப்போர்க் காலத்துச் சோழவரம் ஓடுதளத்தில்தானே பந்தயம் நடத்தியது! அமெரிக்காவிலும் அப்படித்தான்: 1950இல் கலிபோர்னியாவின் சாண்டா அனா விமானத் திடலில் டிராக் பந்தயம் தொடங்கியது.

அங்கே வந்தவர்களில் செட் ஹெர்பர்ட் என்ற இளைஞரும் ஒருவர். போலியோ தாக்கிச் சக்கர நாற்காலியில் இருந்தவர். அவர் உருவாக்கிய 'பீஸ்ட்' என்ற ஹார்லி மோட்டார்சைக்கிளை வேறொருவர் ஓட்ட, அது மணிக்கு 120 மைலைத் தாண்டியது. ஹார்லியின் டேப்பட் அடியில் முன்பே ஒரு சின்ன உருளை உண்டு. உரசுவதற்குப் பதில் உருளும். பந்தயக் கார் என்ஜின்களுக்கு அதைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் ஹெர்பர்ட்.

உருளை வந்ததும் கேமின் மேட்டைச் செங்குத்தாகச் செதுக்க முடிந்தது. வால்வு சட்டென்று திறக்கும், சக்தி கூடும். தொல்லையும் கூடவே வந்தது. என்ஜின் நிமிடத்துக்கு 8,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு டேப்பட்டும் நொடிக்கு 66 தடவை எழுந்து விழுகிறது. பெரிய டிராக் என்ஜினில் வால்வு முழுதாகத் திறக்கும்போது ஸ்பிரிங்கின் அழுத்தம் 400 கிலோவைத் தாண்டும். அறுபது கிலோ நெல் மூட்டை ஏழை, உருளைக்குள் இருக்கும் ஊசி போன்ற பேரிங் கம்பிகள் தாங்குகின்றன என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பி உடைந்தால் போதும், துணுக்கு ஆயிலில் கலந்து என்ஜினையே தின்றுவிடும்.

ஆகவே 'எது உழைக்கும்?' என்ற கேள்வி அன்றே வந்துவிட்டது. முதலில் பார்க்க வேண்டியது ஆயில். கிராங்க் சுழன்று தெளிக்கும் ஆயில், ஐட்லிங்கில் குறைந்துபோகும். உருளையின் அச்சுக்கே நேராக அழுத்தத்தோடு ஆயில் போகும் துளை உள்ளதுதான் நல்லது. அடுத்தது, ஊசிக் கம்பிகளா, புஷ்ஷா என்பது. கம்பிகளே வேண்டாமென்று முழு வளையத்தை வைக்கும் முறையும் பின்னால் வந்தது. அடியைப் பரந்து தாங்கும், உடைந்து சிதற ஊசி இல்லை. ஆனால் ஆயில் சுத்தமாக இருந்தே ஆக வேண்டும். அடிக்கடி கழற்றிப் பார்க்க முடியாதவருக்குப் புஷ்தான் என்பது என் கட்சி. இன்னொன்று, தட்டை டேப்பட் தன் துளையில் சுழல வேண்டும். உருளை டேப்பட் திரும்பவே கூடாது. இரண்டிரண்டாக இணைக்கும் பட்டை அதற்குத்தான். அது தேய்ந்தால் உருளை கோணிக்கொண்டு கேமைக் கீறும்.

பலரும் தலைகீழாக நினைப்பது ஸ்பிரிங் விஷயம். அழுத்தம் குறைந்தால் டேப்பட் பிழைக்கும் என்று தளர்ந்த ஸ்பிரிங்கைப் போடுவார்கள். வேகத்தில் உருளை கேமைவிட்டுத் துள்ளி, திரும்ப வந்து சம்மட்டி மாதிரி அறையும். இப்படிச் சாகிற டேப்பட்டுகள் ஏராளம்.

விலை உயர்ந்த டேப்பட்டானாலும் அனுபவசாலிகள் பந்தயத்துக்குப் பந்தயம் வால்வு கேப்பை அளந்து எழுதி வைக்கிறார்கள். ஒன்றில் மட்டும் திடீரென்று கூடினால், உள்ளே பேரிங் போகத் தொடங்கிவிட்டது என்று சந்தேகப்பட்டு உடனே கழற்றுகிறார்கள். அன்று காக்காவும் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்துவிட்டு, "இப்பவே கழட்டு, இல்லாட்டி நாளைக்கு நாத்துக்குத் தண்ணி இல்லே" என்றுதான் சொன்னார்.