தீத்தொண்டு நாளும் ஒரு மானியக் கணக்கும்



இன்று ஏப்ரல் 14. காலையிலிருந்து போன் நிறைய வாழ்த்துகள். இன்று தீத்தொண்டு நாளும்கூட என்பது பலருக்கு நினைவிருக்காது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன் ஒருவன் தீயணைப்புத் துறையில் இருக்கிறான். அவன் சொல்லித்தான் எனக்கே இது மனதில் பதிந்தது.

1944-இல் இதே நாள். பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற கப்பல் நின்றது. பஞ்சுப் பொதிகள், தங்கக் கட்டிகள், அவற்றோடு சுமார் 1,400 டன் வெடிபொருள். பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றியவர்களை என்ன சொல்ல! மதியம் புகை கண்டது. தீயணைப்பு வீரர்கள் இரண்டு மணி நேரம் தண்ணீர் பாய்ச்சினார்கள். 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்தது. சுமார் அரை மணி கழித்து இன்னொரு முறை. இறந்த நூற்றுக்கணக்கானோரில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். (தங்கக் கட்டி ஒன்று 2011-இல்கூடத் தூர்வாரும்போது கிடைத்தது!)

சில வருடங்களுக்கு முன் அந்தப் பையன் வீட்டுக்கு வந்திருந்தான். "தீயைப் பார்த்தால் பயமாக இருக்காதாப்பா?" என்றேன். "தீ கண்ணுக்குத் தெரியும் டீச்சர், புகைதான் பயம்" என்றான். உண்மைதான். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் முதுகில் சிலிண்டரும் முகத்தில் மாஸ்க்கும். அதை ஆக்சிஜன் சிலிண்டர் என்று நினைப்போம். இல்லை, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றுதான். காற்று குறைந்தால் விசில் அடிக்கும், உடனே வெளியே வந்துவிட வேண்டும். அவன் முதலில் சேர்ந்த நிலையத்தில் (பெயர் வேண்டாம்) நல்ல நிலையில் இருந்தது இரண்டே செட்டாம். உள்ளே போகிறவர்கள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்களாம். மூன்றாவது ஆள்? ஈரத்துண்டு. எனக்கு அன்று காபி இறங்கவில்லை.

ஏன் இப்படி? அரசியல் சட்டப்படி தீயணைப்பு மாநிலங்களின் பாடு. 12-ஆம் அட்டவணையில் நகராட்சிகளுக்கான வேலைகளிலும் அது இருக்கிறது. மத்திய அரசு 1955-இல் ஆலோசனைக் குழு அமைத்தது, நாக்பூரில் கல்லூரி நடத்துகிறது. ஆனால் ஆலோசனையை முதுகில் மாட்டிக்கொண்டு புகைக்குள் போக முடியாதே. பேரிடர் நிதியோ, பெரும்பாலும் எல்லாம் முடிந்தபின் நிவாரணம் கொடுக்கவே பயன்பட்டு வந்தது.

அந்தப் பழக்கத்தை மாற்றியது என்.கே. சிங் தலைமையிலான 15-ஆவது நிதிக்குழு. 2021 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிதியில் முன்னேற்பாட்டுக்கென்று ஒரு பங்கைப் பிரித்து, அதில் தீயணைப்புத் துறைகளை நவீனமாக்க 5,000 கோடி ரூபாய் ஒதுக்கச் சொன்னது. 2023 ஜூலையில் மத்திய அரசு திட்டத்தைத் தொடங்கியது. நூறு ரூபாய்ச் செலவென்றால் மாநிலம் 25 ரூபாய் போட வேண்டும். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்குப் 10 ரூபாய். மொத்தத்தில் 500 கோடியைச் சீர்திருத்தம் செய்யும் மாநிலங்களுக்கென எடுத்து வைத்தார்கள்.

இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஓசியில் வந்த பொருளை யாரும் பேணுவதில்லை. தன் 25 ரூபாய் அதில் இருந்தால் கொஞ்சமாவது கவனம் வரும். ஆனால் ஒரு கவலை. வண்டி வாங்கினால் வரிசையாக நிறுத்திக் கொடியசைக்கலாம், படம் பேப்பரில் வரும். மூச்சுக்கருவி அலமாரிக்குள் இருப்பது. வாங்கினால் மட்டும் போதாது, காற்று நிரப்பக் கம்ப்ரசர் வேண்டும், சிலிண்டரை அவ்வப்போது அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இதற்கெல்லாம் ரிப்பன் வெட்ட முடியாது. மானியம் ஒருமுறை வரும், பராமரிப்பு வருடா வருடம்.

2020 தீபாவளி அதிகாலையில் மதுரையில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு வீரர்கள், பழைய கட்டடம் இடிந்து விழுந்து இறந்தார்களே, நினைவிருக்கிறதா? கட்டடமே சரிந்தால் எந்த உடையும் தாங்காது, தெரியும். ஆனாலும் அன்று முதல் ஒவ்வொரு தீபாவளிக்கும் அவனுக்குப் போன் செய்கிறேன்.

போன மாதம் அவனே பேசினான். "இப்போ எல்லாருக்கும் செட் இருக்கு டீச்சர், எனக்கும் தனியா ஒண்ணு." மாஸ்க் முகத்தில் இறுக்கமாகப் பொருந்தத் தாடியை எடுத்துவிட்டானாம். அவன் மனைவிக்குத்தான் அந்த முகம் பிடிக்கவில்லை என்று சிரித்தான்.